நீண்ட டிரைவ்வேக்குப் பழைய ட்ராக்டர்: ஒன்ராறியோ கிராமத்துக்குக் குடிபோகிறவர்களுக்கு

ஸ்காபரோவில் இரண்டு கார் நிற்கிற டிரைவ்வேயை இருபது நிமிடத்தில் ஷவலால் வழித்துவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நம்மவர் பலர், இப்போது ஷெல்பேர்ன், மார்க்டேல், லின்ட்சே பக்கங்களில் காணியோடு வீடு வாங்குகிறார்கள். வீடு பார்க்கப் போவது பெரும்பாலும் கோடையில். மேப்பிள் நிழலுக்குள்ளால் வளைந்து போகிற இருநூறு மீட்டர் பாதை அப்போது அழகாகத்தான் இருக்கும். நானும் அப்படித்தான் மயங்கினேன்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 200 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், ஒரே இரவில் 20 சென்ரிமீட்டர் பனி. மொத்தம் 120 கன மீட்டர். புதிதாக விழுந்த பனி கன மீட்டருக்கு 100 கிலோ என்று வைத்தால் 12 தொன். காற்று அடித்து இறுக்கிய பனி 300 கிலோவரை போகும்; அப்போது அதே 120 கன மீட்டர் 36 தொன். ஹியூரன் ஏரியும் ஜோர்ஜியன் வளைகுடாவும் உறைந்து மூடும்வரை, அவற்றின் மேலால் வருகிற குளிர்காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டுவந்து கிரே, புரூஸ், டஃபரின் பக்கங்களில் கொட்டிக்கொண்டேயிருக்கும். இதைக் கையால் தள்ளுகிற மெஷினை நம்பிச் சமாளிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய முதுகைப் பற்றி எனக்குத் தெரியாது.

காசு கொடுத்து ஆளைப் பிடிக்கலாம். ஆனால் அவருக்கு உங்களைப்போல் முப்பது வீடு இருக்கும். அவர் வந்து சேரும்போது உங்கள் ஷிப்ட் தொடங்கியிருக்கும். அதனால்தான் பழைய ட்ராக்டர். புதியது வாங்கப் போனால் ஒரு நல்ல கார் வாங்கும் காசுக்கு மேல் போகும். நாற்பது, ஐம்பது வயது தாண்டிய ட்ராக்டர் சில ஆயிரம் டொலருக்குக் கிடைக்கும், கொம்பியூட்டர் கிடையாது, ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவர் தானே திருத்தலாம்.

பெரும்பாலானோர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். சிவப்பா நீலமா என்று முதலில் ட்ராக்டரைப் பிடித்துவிட்டு, பிறகு அதில் எதைக் கொழுவுவது என்று யோசிப்பது. ஊரில் வயலையும் கலப்பையையும் நினைத்துக்கொண்டுதான் மாடு பார்ப்பார்கள். இங்கேயும் ஒழுங்கு அதுதான்: முதலில் பாதை, பிறகு பனியைத் தள்ளும் கருவி, கடைசியில் ட்ராக்டர்.

முதலில் பாதையை நடந்து பாருங்கள்

ஒரு துண்டுத் தாளோடு வாசலிலிருந்து வீதிவரை நடவுங்கள். நீளம், அகலம், தாரா கிரவலா, ஏற்ற இறக்கம் எங்கே, இரண்டு பக்கமும் என்ன இருக்கிறது. மேற்குப் பக்கம் திறந்த வயல் என்றால் காற்று அந்தப் பனி முழுவதையும் உங்கள் பாதைக்குள் கொண்டுவந்து போடும். மரவரிசைக்குள் ஒளிந்த பாதையில் விழுகிற பனி மட்டும்தான் உங்கள் வேலை. கராஜ் வாசலில் ட்ராக்டர் திரும்ப இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் எந்தப் பெரிய மெஷினும் அங்கே உதவாது.

பாதையின் அடியில், வீதியைத் தொடுகிற இடத்தில், நகரசபையின் பனி வழிக்கிற வாகனம் விட்டுப்போகிற வரம்பு ஒன்று இருக்கும். உப்பும் ஐஸ் கட்டியும் கலந்து முழங்கால் உயரத்துக்கு நிற்கும் அந்த வரம்புதான் உங்கள் மெஷினுக்கு உண்மையான பரீட்சை. அதை வீதிக்கு அப்பால் தள்ளிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். அனுமதியில்லாமல் வீதியில் பனியைப் போடுவதை ஒன்ராறியோ நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டம் தடை செய்கிறது.

பிளேட்டா, லோடரா, புளோவரா

பின் பிளேட், அதாவது ட்ராக்டரின் பின்னால் கொழுவுகிற தகடு, மலிவு, உடைய ஒன்றுமில்லை, வேகமாக வேலை முடியும். நூறு மீட்டருக்குள் உள்ள, மரங்களால் மறைந்த பாதைக்கு அது போதும். அதன் வினை ஜனவரி கடைசியில்தான் தெரியவரும். பிளேட் பனியை ஒதுக்குமே தவிர அகற்றாது. ஒதுக்கிய வரம்பு உறைந்து கல்லாகிவிட்டால் அடுத்த பனியை ஒதுக்க இடமில்லை. ஒவ்வொரு புயலுக்கும் பாதை ஒரு சாண் ஒடுங்கும். அது போதாதென்று, அந்த வரம்பு வேலிபோல நின்று காற்றில் வருகிற பனியையும் பிடித்து உங்கள் பாதைக்குள் கொட்டும். பிளேட்தான் என்று முடிவெடுத்தால், முதல் பனியிலேயே புல்தரைக்குள் இரண்டு மீட்டர் தூரம் தள்ளிவிட்டு வரவேண்டும். அப்போது பார்க்கிறவர் சிரிப்பார், பரவாயில்லை.

முன்னால் பக்கெற் பூட்டிய லோடர் குவியலை உயர்த்திக் கொட்டவும் வீதி வரம்பை அள்ளவும் நல்லது. தனியே அதை மட்டும் வைத்து இருநூறு மீட்டர் வழிப்பது சட்டியால் கிணறு இறைப்பது மாதிரி. இன்னொன்று: பக்கெற்றில் பாரம் ஏறினால் பின் சக்கரத்தின் பாரம் குறையும். இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கிற பழைய ட்ராக்டரில் இழுப்பு முழுவதும் பின்னால்தான். ஆகவே லோடர் இருந்தால் பின்னால் பாரம் கட்டாயம்.

நீளப் பாதைக்கும் திறந்தவெளிக்கும் என் தெரிவு பின்னால் கொழுவுகிற புளோவர். பனியைத் தூக்கிப் பல மீட்டர் தூரம் எறிந்துவிடும், வரம்பு உண்டாகாது. புளோவரின் பாரமே பின் ரயர்களை நிலத்தோடு அழுத்தும். குறை என்னவென்றால் ரிவர்ஸில்தான் ஓட்டவேண்டும். ஒரு மணித்தியாலம் கழுத்தைத் திருப்பிக்கொண்டிருப்பது ஐம்பது வயதுக்காரருக்குச் சும்மா விஷயமில்லை. முன்னோக்கி ஓடிக்கொண்டே இழுத்துச் செல்கிற புளோவரும் உண்டு. அதில் கழுத்து தப்பும், ஆனால் ரயர் முதலில் பனியை மிதித்து இறுக்கிவிடும், விலையும் கூட.

அகலம், ட்ராக்டரின் பின் ரயர்களின் வெளி ஓரத்தை மூடவேண்டும். இல்லாவிட்டால் வழிக்காத பனியில் ஒரு சக்கரம் ஏறிக்கொண்டே போகும். ஐந்தடிப் புளோவருக்கு, அதைச் சுழற்றுகிற பின் தண்டில் (பி.டி.ஓ., அடுத்துச் சொல்கிறேன்) 25 குதிரைவலுவாவது வேண்டும், ஆறடிக்கு 35. இதற்குக் குறைந்தால் ஓடாது என்றில்லை, ஈரப் பனியில் மூச்சுவாங்கும்.

பி.டி.ஓ.: இதை விளங்காமல் காசை எடுக்க வேண்டாம்

பி.டி.ஓ. என்பது ட்ராக்டரின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிற, பற்கள் வெட்டிய தண்டு. எஞ்சினின் வலுவை அதுதான் புளோவருக்குக் கொடுக்கிறது. பழைய ட்ராக்டர்களில் அது இரண்டு விதம், வித்தியாசம் வானத்துக்கும் பூமிக்கும்.

முதல் விதத்தில் பி.டி.ஓ. கியர்பெட்டிக்குள்ளால் ஓடுகிறது. கிளச்சை மிதித்தால் ட்ராக்டரும் நிற்கும், புளோவரும் நிற்கும். ஆழப் பனிக்குள் பின்னால் போகிறீர்கள், வாய் நிறைந்துவிட்டது, கொஞ்சம் நின்று அதை விழுங்க விடவேண்டும். கிளச்சை மிதித்த கணமே புளோவரும் நின்றுவிடும். முன்னே எடுத்து, மறுபடி சுழலவைத்து, மறுபடி பின்னால். பத்து நிமிட வேலை முக்கால் மணித்தியாலமாகும்.

இரண்டாவது விதத்தில் கிளச் இரண்டு படியாக வேலை செய்யும், அல்லது பி.டி.ஓ.வுக்கென்று தனிக் கிளச் இருக்கும். பாதி மிதித்தால் சக்கரம் நிற்கும், புளோவர் சுழன்றுகொண்டே இருக்கும். நீண்ட டிரைவ்வேக்கு இதுதான் வேண்டும். விற்பனை விளம்பரங்களில் இதை 'லைவ் பி.டி.ஓ.' என்பார்கள்.

நான் முதலில் வாங்கியது 1950களின் சிறிய பெற்றோல் ட்ராக்டர், முதல் விதம். எனக்கு அப்போது இது ஒன்றும் தெரியாது. இரண்டாவது பனியிலேயே பாடம் கிடைத்தது. கராஜ் பக்கம் பின்னால் வந்து கிளச்சை மிதித்தேன். சுழன்றுகொண்டிருந்த புளோவரின் வேகம் தண்டு வழியே கியர்பெட்டிக்குள் திரும்பி வந்து சக்கரத்தை இன்னும் ஓரடி தள்ளியது. கராஜ் கதவில் அந்தப் பள்ளம் இன்னும் இருக்கிறது. மனைவி அதற்குப் பெயின்ற் அடிக்க விடுவதில்லை. ஒரு பக்கம் மட்டும் சுழலவிடுகிற கப்ளர் ஒன்றைத் தண்டில் மாட்டியிருந்தால் அது நடந்திராது. முதல் விதம்தான் வாங்குவதென்றால், அந்தக் கப்ளரையும் அன்றே வாங்கிவிடுங்கள்.

பி.டி.ஓ.வோடு சேர்ந்த இன்னொரு விஷயம் ரிவர்ஸ் வேகம். புளோவர் சரியாக எறிய பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்றுச் சுழலவேண்டும். அதற்கு எஞ்சின் வேகமாக ஓடவேண்டும். அந்த எஞ்சின் வேகத்தில், மிகத் தாழ்ந்த ரிவர்ஸ் கியரில், ட்ராக்டர் ஊர்கிறதா ஓடுகிறதா? விற்பவரை ஓட்டச்சொல்லிவிட்டுப் பக்கத்தில் நடந்து பாருங்கள். சாவகாசமாக நடக்கிற உங்களை அது முந்திப்போனால், ஆழப் பனிக்கு அது சரிவராது. குதிரைவலுவை விட நான் இதைத்தான் பெரிதாக மதிப்பேன்.

எந்தெந்த ட்ராக்டர்கள்

ஒன்ராறியோவில் மாசி பெர்குசனுக்குக் குறைவில்லை. அதன் வேரே இங்கேதான். 1847இல் நியூகாசில் என்ற ஊரில் டானியல் மாசி தொடங்கிய பட்டறை, 1891இல் ஹாரிஸ் கம்பனியோடும் 1953இல் பெர்குசனோடும் சேர்ந்தது. ரொறன்ரோவில் கச்சேரி கேட்கப் போகிற மாசி ஹோல், டானியலின் மகன் ஹார்ட் மாசியின் காசில் 1894இல் திறந்தது. ஊரில் வயலிலும் வீதியிலும் பார்த்த அதே மாசி 35, 135 மாடல்களை இங்கே களஞ்சியத்துக்குள் பார்க்கும்போது பலருக்குக் கை தானாக நீளும்.

நீளட்டும், ஆனால் பார்த்து நீளட்டும். 1964 முதல் 1975 வரை வந்த 135, மூன்று சிலிண்டர் பேர்க்கின்ஸ் டீசலோடு சுமார் 37 குதிரைவலு தரும். ஐந்தடி, ஆறடிப் புளோவருக்கு அளவான சாமான். பாகங்கள் இன்னும் தாராளமாகக் கிடைக்கும். சென்னையின் டாஃபே கம்பனியே இந்த வம்சத்து ட்ராக்டர்களைப் பல்லாண்டுகளாகச் செய்துவந்தது. ஆனால் எல்லா 35இலும் 135இலும் இரண்டு படிக் கிளச் இல்லை. பாதி மிதித்துப் பார்த்து உறுதிசெய்யுங்கள். சிலவற்றில் 'மல்ரிபவர்' என்ற, ஓடும்போதே வேகம் மாற்றுகிற வசதி உண்டு. அதன் தாழ்ந்த நிலையில் எஞ்சின் ட்ராக்டரைப் பிடித்து நிறுத்தாது; இறக்கத்தில் சைக்கிள்போல உருளும். உங்கள் பாதை சரிவென்றால் இதை மறக்கவேண்டாம்.

ஃபோர்டில் 1965 முதல் 1975 வரை வந்த 3000, 4000 இரண்டும் உறுதியானவை. செலெக்ட்-ஓ-ஸ்பீட் என்ற கியர்பெட்டி உள்ளதை மட்டும் தவிர்க்கச் சொல்வேன். திருத்தத் தெரிந்தவர்கள் அருகிப்போனார்கள். 1947 முதல் 1952 வரை 5 இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட 8என், மலிவாக எங்கும் கிடைக்கும். அழகான ட்ராக்டர், பிளேட்டுக்கு நல்லது. ஆனால் பி.டி.ஓ. முதல் விதம், ரிவர்ஸ் கியரும் ஒன்றே ஒன்று. புளோவருக்கு வேண்டாம்.

இன்னொரு வழி, 1970களின் கடைசியிலும் 80களிலும் வந்த சிறிய ஜப்பான் ட்ராக்டர்கள்: குபோட்டா, யன்மார். நாலு சக்கர இழுப்பு உள்ளது கிடைத்தால் சரிவுப் பாதைக்கு அதைப்போல ஒன்றுமில்லை. கியருக்குப் பதில் எண்ணெய் அழுத்தத்தால் ஓடுகிற ஹைட்ரோஸ்டற்றிக் உள்ளதென்றால் கிளச் தொல்லையே இல்லை. மிதியை அழுத்துகிற அளவுக்கு ஊரும். ஜப்பானில் பாவித்துவிட்டு இறக்குமதியானவை சில உண்டு. அவற்றுக்கு இங்குள்ள முகவரிடம் பாகம் கிடைக்குமா என்று இலக்கத்தைச் சொல்லிக் கேட்டுவிட்டே வாங்குங்கள்.

பெற்றோலா டீசலா என்று கேட்பார்கள். பழைய பெற்றோல் எஞ்சின் குளிரில் இலகுவாகப் பிடிக்கும். டீசல் இழுக்கும், எரிபொருள் குறைவாகக் குடிக்கும், ஆனால் மைனஸ் இருபதில் செல்லம் கேட்கும். கராஜுக்குப் பக்கத்தில் எஞ்சினைச் சூடாக்க மின்சாரப் பிளக் இருந்தால் டீசல், இல்லாவிட்டால் பெற்றோல்.

பார்க்கப் போகிற நாள்

வாங்குகிற காலம் ஏப்ரல், மே. நவம்பரில் முதல் பனி எச்சரிக்கை வந்த கிழமை விற்பவரின் முகமே வேறு.

போகமுதல் தொலைபேசியில் ஒரே ஒரு வேண்டுகோள்: "நான் வரும்வரை ஸ்ராட் பண்ணாதையுங்கோ." போனதும் எஞ்சினில் கையை வையுங்கள். சூடாக இருந்தால், ஏன் என்று கேட்காமலே விடை தெரிந்துவிட்டது.

குளிர்ந்த எஞ்சின் எப்படிப் பிடிக்கிறது என்று பாருங்கள். பிடிக்க மறுக்கிற எஞ்சினுக்கு அடிக்கிற ஈதர் ஸ்பிரேயை விற்பவர் கையில் எடுத்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது வந்த வழியே போங்கள். முதலில் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து மறைவது வழமை; நீலப் புகை விடாமல் வந்தால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது எஞ்சினின் மூச்சுக்குழாயால் புஸ்புஸ் என்று புகை வந்தால் பிஸ்ரன் ரிங் தேய்ந்திருக்கிறது.

அடுத்து, பின்னால் கொழுவிய கருவியைத் தூக்குகிற ஹைட்ரோலிக் எண்ணெய். அளவுகோலை இழுத்துப் பாருங்கள். பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கோடையில் அது ஒன்றும் செய்யாது. ஜனவரியில் உறைந்து, புளோவரைத் தூக்கமுடியாமல் உங்களை நடுப்பாதையில் விடும். எண்ணெயை மாற்றலாம், ஆனால் தண்ணீர் எதனால் உள்ளே போனது என்று முதலில் கண்டுபிடிக்கவேண்டும். வெளியில் மழைக்கு நின்ற ட்ராக்டரில் பெரும்பாலும் கியர்த் தண்டின் கிழிந்த ரப்பர்தான்.

பின்னால் பாரமான எதையாவது தூக்கச்சொல்லி எஞ்சினை நிறுத்துங்கள். மெதுவாக, பத்து நிமிடத்தில் இறங்கினால் பரவாயில்லை. கண்முன்னே விழுந்தால் ஹைட்ரோலிக் வேலை காத்திருக்கிறது. பி.டி.ஓ. தண்டின் பற்கள் கூராகத் தேய்ந்திருக்கிறதா, அடியில் எண்ணெய் கசிகிறதா பாருங்கள். ஸ்ரேறிங்கை ஆட்டிப் பாருங்கள், பிரேக்கை இடம் வலம் தனித்தனியே மிதித்துப் பாருங்கள். பெயின்ற் புதிதாக மினுங்கினால் நான் இரண்டு மடங்கு சந்தேகப்படுவேன்.

ரயரில் ஒரு விஷயம் கட்டாயம். பாரத்துக்காகப் பழைய பின் ரயர்களுக்குள் கல்சியம் குளோரைட் கரைசல் நிரப்புவது வழக்கம். குளிரில் உறையாது, பாரமும் கூட, ஆனால் இரும்பை அரிக்கும். காற்றடிக்கிற வால்வைச் சுற்றி றிம் துருப்பிடித்து உதிர்ந்தால் அது வேலையைக் காட்டிவிட்டது. பின் ரயரும் றிம்மும் மாற்றுகிற செலவு ட்ராக்டரின் விலையில் ஒரு பெரிய பங்கை விழுங்கிவிடும், பேரம் பேசும்போது அதை நினைவில் வையுங்கள். சங்கிலி இல்லாமல் இரண்டு சக்கர இழுப்பு ட்ராக்டர் ஐஸில் நகராது. ஆகவே ரயருக்கும் மட்காட்டுக்கும் இடையில் சங்கிலிக்கு இடம் இருக்கிறதா என்றும் கையை விட்டுப் பாருங்கள்.

பனிக்கு முன்

ஒக்ரோபரில் எஞ்சினுக்கு, அதை மின்சாரத்தால் சூடாக்குகிற புளொக் ஹீட்டர் போடுங்கள். ஓட்டுவதற்கு இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு முன் பிளக்கில் மாட்டினால் மைனஸ் இருபதிலும் பிடிக்கும். பற்றரியில் கஞ்சத்தனம் வேண்டாம். கோடையில் நிரப்பிய டீசல் தாங்கியில் இருந்தால் ஓட்டி முடித்துவிட்டுக் குளிர்கால டீசல் நிரப்புங்கள். கோடை டீசல் குளிரில் மெழுகாகி வடிகட்டியை அடைக்கும். பேர்க்கின்ஸ் எஞ்சினில் காற்றுப் பாதையைச் சூடாக்குகிற தீக்கம்பி இருந்தால், அதோடு ஈதர் ஸ்பிரேயை ஒருபோதும் சேர்க்க வேண்டாம், வெடிக்கும்.

நிலம் உறையமுதல் பாதையின் இரண்டு ஓரத்திலும் உயரமான தடிகளை நடுங்கள். கிணற்று மூடி, மதகு, பூப்பாத்திக் கல் எல்லாவற்றுக்கும் ஒவ்வொன்று. ஒரு நாள் பனிக்குப் பிறகு உங்கள் காணியே உங்களுக்கு அடையாளம் தெரியாது. கிரவல் பாதையென்றால் புளோவரின் வாய் நிலத்திலிருந்து இரண்டு மூன்று சென்ரிமீட்டர் உயர்ந்து நிற்கும்படி அதன் அடிச்சறுக்கிகளை இறக்கிவையுங்கள். முதல் ஒன்றிரண்டு பனியை மெல்லிசாக விட்டு, காரால் மிதித்து இறுகவிட்டால் கிரவலுக்கு மேல் ஒரு தளம் கிடைக்கும்.

எஞ்சினைச் சுற்றிக் கட்டுகிற கன்வஸ் உறை ஒன்று விற்கிறார்கள், ஹீட் ஹவுசர் என்று. எஞ்சின் சூட்டை ஓட்டுகிறவரின் காலுக்குத் திருப்பும். கபின் இல்லாத ட்ராக்டருக்கு இதைவிடப் பிரயோசனமான செலவு இல்லை.

ஓட்டுகிற அன்று

540 சுற்று என்றால் நொடிக்கு ஒன்பது. மப்ளரின் நுனியோ ஜாக்கற்றின் நாடாவோ அந்தத் தண்டில் பட்டால் கையை எடுக்க நேரமிருக்காது. தண்டின் பிளாஸ்ரிக் உறை உடைந்திருந்தால் அதை மாற்றாமல் ஓட்ட வேண்டாம், மப்ளரை வீட்டிலேயே கழற்றிவையுங்கள். புளோவரின் வாய் அடைத்தால் பி.டி.ஓ.வை விடுவித்து, எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்து, எல்லாம் அசையாமல் நின்ற பிறகு தடியால் குத்துங்கள். கையால் ஒருபோதும் இல்லை. பிள்ளைகள் பார்க்க ஆசைப்பட்டால் ஜன்னலுக்கு உள்ளே நின்று பார்க்கட்டும்.

பழைய ட்ராக்டர் பலவற்றில் இருக்கைக்குப் பின்னால் இரும்புச் சட்டம் கிடையாது. கவிழ்ந்தால் ஓட்டுகிறவரைக் காப்பாற்றுவது அதுதான், அதோடு சீற்பெல்ற். பாதையோரம் பள்ளமோ வாய்க்காலோ இருந்தால் சட்டம் பொருத்துகிற செலவையும் ட்ராக்டர் விலையோடு சேர்த்தே கணக்குப் பாருங்கள்.

ஷியர் போல்ட்டுகள் ஒரு டசின் ஜாக்கற் பொக்கற்றில் இருக்கட்டும். கல்லோ உறைந்த பத்திரிகைக் கட்டோ புளோவருக்குள் போனால், கியர்பெட்டி உடையாமல் இருக்கத் தான் உடைகிற போல்ட் அது. அடிக்கடி உடைகிறதே என்று உறுதியான போல்ட்டைப் போட்டால் அடுத்த முறை கியர்பெட்டி உடையும்.

காற்றைப் பார்த்துத் தொடங்குங்கள். எறிகிற பனி முகத்துக்குத் திரும்பி வராத பக்கம். புயல் முடியும்வரை காத்திருக்காமல் பதினைந்து சென்ரிமீட்டர் ஆனதும் ஒரு தடவை வழித்துவிடுங்கள். வீதி வரம்பைக் கடைசிக்கு வையுங்கள், ஆனால் அடுத்த நாளுக்கு விடாதீர்கள். இரவில் உறைந்தால் காலையில் அது சீமெந்து.

ஏப்ரலில் பனி கரைந்ததும், புளோவர் புல்லுக்குள் எறிந்த கிரவல் கற்களும் நீங்கள் தேடிக் கிடைக்காத போல்ட்டுத் துண்டுகளும் வெளியே வரும். புல் வெட்டுகிற மெஷினை எடுக்கமுதல் ஒரு சனிக்கிழமை வாரியோடு இறங்கி அதைக் கூட்டி அள்ளிவிடுங்கள்.